ராணுவ நாய் ஓய்வு பெற்று வீட்டுக்கு வருகிறதா? கிருஷ்ணகிரி, தர்மபுரி குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் ஊர் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில், மாந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கிற ஒரு கிராமம். என் அண்ணன் ராணுவத்தில் நாய் ஹேண்ட்லர், அதாவது ஒரு நாயைப் பார்த்துக்கொண்டு அதோடு சேர்ந்து வேலை செய்கிறவர். அவரோடு ஐந்து வருடம் வெடிகுண்டு மோப்பம் பிடித்த மோனா என்கிற லாப்ரடார், ஒன்பது வயதில் ஓய்வு பெற்று எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. அதிலிருந்து பர்கூர், பாலக்கோடு, அரூர் என்று எங்கிருந்தாவது ஒரு ஜவானின் வீட்டார் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "எங்க பையனும் அவன் நாயைக் கேட்கணும்னு சொல்றான், என்ன செய்யணும்?"

செய்ய வேண்டியதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயம். நாயைக் கேட்டு எழுதுவது ஹேண்ட்லர்தான். ஆனால் அவர் இன்னும் சர்வீஸில் இருந்தால், நாய் வந்து இறங்குவது உங்கள் திண்ணையில். என் அண்ணன் இப்போது வேறொரு மலையில் வேறொரு நாயோடு இருக்கிறார். மோனாவுக்குச் சோறு வைப்பது அம்மா, நடக்கக் கூட்டிப்போவது நான். ஹேண்ட்லருக்கு நாயைப் பற்றி நான் சொல்லித்தர எதுவும் கிடையாது. வீட்டில் இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கேட்டால் கொடுப்பார்களா?

கொடுப்பார்கள். முன்பு நிலைமை வேறு. வேலை செய்ய முடியாமல் போன நாயை ஊசி போட்டு முடித்துவிடுவதுதான் நம் ராணுவத்தில் நெடுநாள் வழக்கம். முகாம்களின் இடமும் வழியும் பழகிய நாய் தவறான கைக்குப் போய்விடக் கூடாது என்பது ஒரு காரணம். அதற்குப் பழகிய கவனிப்பை வெளியே யாராலும் கொடுக்க முடியாது என்பது இன்னொரு காரணம். 2015-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒருவர் கேட்ட கேள்விக்கு வந்த பதிலில்தான் இது ஊருக்கெல்லாம் தெரிந்தது. விஷயம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது, அரசும் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. இன்றைக்கு உத்தரப் பிரதேசத்து மீரட்டில், ராணுவத்தின் விலங்குகளைப் பார்த்துக்கொள்கிற ஆர்.வி.சி. படைப்பிரிவின் மையத்தில் ஓய்வு பெற்ற நாய்களுக்கென்று தனி இடம் இருக்கிறது. அங்கிருந்து குடும்பங்களுக்கும், சிறப்புக் குழந்தைகள் படிக்கிற ஆஷா பள்ளிகளுக்கும் தத்துக் கொடுக்கிறார்கள்.

ஆர்.வி.சி. என்றால் ரீமவுண்ட் அண்ட் வெட்டர்னரி கோர். போரில் விழுந்த குதிரைக்கு மாற்றுக் குதிரை கொடுப்பதுதான் ரீமவுண்ட். பேச்சோடு பேச்சாக ஒன்று: ஓசூர் பக்கத்து மத்திகிரி கால்நடைப் பண்ணையும் ஒரு காலத்தில் ராணுவத்துக்குக் குதிரை வளர்த்த இடம்தான். நம் மாவட்டத்துக்கும் இந்தப் படைப்பிரிவின் தொழிலுக்கும் பழைய உறவு உண்டு என்று அண்ணன் பெருமையாகச் சொல்வார்.

ஹேண்ட்லருக்கே முதல் உரிமை என்பதை அமெரிக்கா சட்டமாகவே எழுதியிருக்கிறது. அங்கே ராபி என்ற நாயை அதன் ஹேண்ட்லர் கேட்டும் கொடுக்கவில்லை. அதை எதிர்த்து எழுந்த கூச்சலில் பிறந்ததுதான், ஓய்வு பெறும் ராணுவ நாயைத் தத்துக் கொடுக்க வழிவிட்டு 2000 நவம்பரில் வந்த 'ராபி சட்டம்'. சட்டத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த ராபி மட்டும் வீடு போய்ச் சேரவில்லை. மூட்டு நோய் முற்றி, 2001 ஜனவரியில் அதை ஊசி போட்டே முடித்தார்கள். முன்னாள் ஹேண்ட்லருக்கு முன்னுரிமை என்பது 2015 இறுதியில் கையெழுத்தான பாதுகாப்புச் சட்டத்தில்தான் உறுதியானது. நம் நாட்டில் நாடாளுமன்றம் இப்படி ஒரு சட்டம் போடவில்லை. அதனால் "இந்த நாயோடு இத்தனை வருடம் இருந்தது நான்" என்பதை உங்கள் விண்ணப்பம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

விண்ணப்பம்

எழுத வேண்டிய இடம், மீரட் கன்டோன்மென்டில் உள்ள ஆர்.வி.சி. சென்டர் அண்ட் காலேஜின் கமாண்டன்ட். சர்வீஸில் இருக்கிறவர் தன் யூனிட் வழியாக எழுதுவதே முறை. இது ராணுவ நாய்க்கு மட்டும். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். எல்லாம் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறவை, அவரவர் படையில்தான் கேட்க வேண்டும். சி.ஆர்.பி.எஃப்.-இன் நாய்ப் பயிற்சிப் பள்ளி பெங்களூரை அடுத்த தரளுவில் இருக்கிறது. "பக்கத்துல தானே, நேரா போய்க் கேட்டுடலாமா?" என்று ராணுவ ஹேண்ட்லர்களின் வீட்டார் கேட்கிறார்கள். வேண்டாம், அது வேறு வாசல்.

நாய் ஓய்வு பெறட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். ராணுவ நாய்கள் பெரும்பாலும் எட்டிலிருந்து பத்து வயதுக்குள் ஓய்வு பெறுகின்றன. அதற்குள் ஹேண்ட்லருக்கு மாறுதல் வந்துவிட்டால், நாய் எங்கே இருக்கிறது, எப்போது ஓய்வு என்று யாரும் தேடி வந்து சொல்ல மாட்டார்கள். பழைய யூனிட்டில் ஒரு ஆளோடு பேச்சு விட்டுப்போகாமல் இருப்பது நூறு கடிதத்துக்குச் சமம்.

கடிதத்தில் நாயின் பெயர், அதன் ராணுவ எண், சேர்ந்து வேலை பார்த்த வருடங்கள் இவற்றை எழுதுங்கள். பகலெல்லாம் வீட்டில் இருக்கப் போகிறவர் யார் என்பதை அதைவிட முக்கியமாக எழுதுங்கள். நாங்கள் அம்மாவின் பெயரை எழுதி, காம்பவுண்டுச் சுவரையும் வேப்பமரத்தடியையும் போட்டோ எடுத்து வைத்தோம். பக்கத்துக் கால்நடை மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர், வீட்டில் வேறு நாய் உண்டா, சின்னப் பிள்ளைகள் உண்டா என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

நாய்க்கு விலை கிடையாது. கடைசிவரை நன்றாகப் பார்த்துக்கொள்வேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு வருகிற செலவு எல்லாம் உங்களுடையது. நாய்க்குப் பென்ஷன் இல்லை. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம்ஷயர் காவல் துறை 2013-ல் ஓய்வு பெறும் நாய்களின் மருத்துவச் செலவுக்கு ஆண்டுக்கு 500 பவுண்டு வரை, மூன்று ஆண்டுகளுக்குக் கொடுப்பதாக அறிவித்தது. அதைப் படித்துவிட்டு அம்மா, "நமக்கு ரேஷன் கார்டுல பேராவது சேர்ப்பாங்களா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் சாப்பாடும் மருந்தும் சேர்த்து மாதம் நாலாயிரம் ரூபாய் ஆகிறது.

எல்லா நாயும் வீட்டுக்கு ஆகாது

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, இருந்தாலும் சொல்கிறேன். மோப்பம் பிடிக்கிற லாப்ரடாரும், பாய்ந்து கடிக்கப் பழக்கிய காவல் நாயும் ஒன்றில்லை. தாக்குதல் வேலைக்குப் பழகிய ஜெர்மன் ஷெப்பர்டோ பெல்ஜியன் மாலினாய்ஸோ, ஓடிப் பிடித்து விளையாடுகிற பிள்ளையை எப்படிப் பார்க்கும் என்பது அதன் ஹேண்ட்லருக்குத்தான் தெரியும். அவரும் வீட்டில் இல்லாதபோது யார் பொறுப்பு? ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கிற வீட்டில் அப்படிப்பட்ட நாயை வாங்காதீர்கள் என்றே நான் சொல்வேன். மீரட்டிலேயே அது நிம்மதியாக இருக்கும், ஹேண்ட்லர் லீவில் வரும்போது ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

நாய் வருவதற்கு முன்னால் ஹேண்ட்லரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் மிகவும் கசங்கிப்போன நோட்டு அதுதான். என்னென்ன கட்டளைச் சொற்கள், எந்தக் குரலில்? எத்தனை மணிக்குச் சாப்பாடு, எத்தனை மணிக்கு வெளிக்குப் போகும்? வேலை முடிந்தால் பரிசு என்ன, பந்தா தின்பண்டமா? எந்த இடத்தில் தொட்டால் பிடிக்காது? பழைய அடி எங்கே, எந்தக் கால்? எதற்குப் பயப்படும்? ராணுவ நாய்க்குக் கட்டளை பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கும். நாம் "உட்காரு, உட்காரு" என்று கத்தினால் அது முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கும். மோனாவுக்காக எங்கள் அம்மா அறுபது வயதில் ஆறு இந்திச் சொல் கற்றுக்கொண்டார். கூடவே மருத்துவப் பதிவையும் தடுப்பூசிச் சான்றையும் கேட்டு வாங்குங்கள்.

கூட்டிவருவது

கிருஷ்ணகிரி ஊருக்கு ரயில் நிலையம் கிடையாது என்பது நமக்குத் தெரியும். மீரட்டிலிருந்து டெல்லி பக்கம். டெல்லியிலிருந்து கர்நாடகா எக்ஸ்பிரஸில் பெங்களூரு வந்து, அங்கிருந்து வண்டியில் 90 கிலோமீட்டர், இதுதான் சுலபம். தர்மபுரிக்காரர்களுக்கும் இதே வழிதான், இன்னும் கொஞ்ச தூரம் கூடும்.

ரயிலில் நாயை உடன் வைத்துக்கொள்ள முதல் வகுப்பு ஏ.சி.யில் இரண்டு படுக்கைக் கூபேயையோ நாலு படுக்கை அறையையோ முழுசாக எடுக்க வேண்டும். டிக்கெட் எடுத்தாலும் கூபே கிடைக்குமா என்பது சார்ட் போடும்போதுதான் தெரியும், அதனால் முன்கூட்டியே ரயில்வேக்கு ஒரு மனு கொடுத்து வையுங்கள். நாய்க்கு பார்சல் அலுவலகத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். தடுப்பூசிச் சான்றும், பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவர் கொடுத்த சான்றும் கையில் இருக்கட்டும். இன்னொரு வழி, ரயில் கார்டு பயணம் செய்கிற பெட்டியில் இருக்கிற நாய்க்கூண்டு. செலவு குறைவுதான். இரண்டு இரவுப் பயணத்தில், கோடையில், ஒன்பது வயது நாயை அதில் போடாதீர்கள். கார்த்திகை, மார்கழியில் கூட்டிவருவது நல்லது. வடக்கே பனிமூட்டத்தில் வண்டி தாமதமாகும், அதற்கும் தயாராக இருங்கள்.

ஹேண்ட்லர் லீவு போட்டுக் கூடவே வர வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். லீவு குறைந்தது மூன்று வாரம் இருந்தால் நல்லது.

முதல் மாதம்

அண்ணன் இருந்த மூன்று வாரமும் மோனா அவர் நிழலாகவே இருந்தது. அந்த நாட்களில் நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனம், முதல் நாளிலிருந்தே சோற்றுத் தட்டை அம்மா கையில் கொடுத்தது. அண்ணன் பக்கத்தில் நிற்பார், வைப்பது அம்மா. இரண்டாவது வாரம் காலை நடைக்கு மூவராகப் போனோம், மூன்றாவது வாரம் கயிறு என் கைக்கு வந்தது. ஹேண்ட்லர் கிளம்பும் நாளில் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கைமாற்றினால் நாய் திண்டாடிப்போகும்.

கென்னல் என்கிற நாய்க்கொட்டடியில் வளர்ந்த நாய்க்கு வீடு என்பதே புதுசு. மோனா முதல் முறை மிக்ஸி ஓடியபோது எழுந்து கதவோரம் போய் நின்றது. வழவழ டைல்ஸ் தரையில் அதன் கால் வழுக்கியது, பழைய சாக்கை விரித்துப் போட்டோம். சங்கிலியில் கட்டிவைக்காதீர்கள். அதற்கென்று ஒரு மூலை, ஒரு விரிப்பு, ஒரு தண்ணீர்ச் சட்டி, இவை இடம் மாறக் கூடாது. தெருநாய்களோடு உடனே பழகவிடவும் வேண்டாம். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, சூளகிரி பக்கம் இருப்பவர்கள் இரவில் நாயை வீட்டுக்குள்தான் படுக்க வைக்க வேண்டும். சிறுத்தைக்கு மெடலெல்லாம் தெரியாது.

வேலைக்கு மார்பைச் சுற்றிப் போடுகிற வாரை, ஹார்னஸைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துவிடுங்கள். அழகாக இருக்கிறதே என்று மாட்டி போட்டோ எடுத்தால், நாய்க்கு அது டியூட்டி தொடங்கிவிட்டதற்கு அடையாளம். நடைக்குச் சாதாரணக் கழுத்துப் பட்டை போதும்.

வெடிச் சத்தமும் வெடி வாசனையும்

நம் பக்கம் இது தனி அத்தியாயம். தீபாவளி ஒரு நாள்தான். கல் குவாரி வருடம் முழுக்க. தை வந்தால் எருது விடும் கூட்டமும் மேளமும்.

சண்டை நடக்கிற இடத்தில் வேலை பார்த்த நாய்களுக்கும் மனிதர்களைப் போலவே அதிர்ச்சி மனதில் தங்கிவிடும் என்பதை அமெரிக்க ராணுவக் கால்நடை மருத்துவர்கள் 2011 வாக்கில் வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தார்கள். சத்தம் கேட்டதும் நடுங்குவது, கட்டிலுக்கடியில் போய் ஒளிவது, திடீரென்று யாரையும் அருகில் விடாமல் உறுமுவது, சாப்பாட்டை ஒதுக்குவது, இவை அடையாளங்கள். அப்படி இருந்தால் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் போய் மருந்து கேளுங்கள். அன்றைக்கு உள் அறை, மூடிய ஜன்னல், ஓடுகிற மின்விசிறி, பாடுகிற டி.வி., கூடவே ஒரு ஆள்.

மோனாவின் பிரச்சினை நேர்மாறு. அதற்குச் சத்தம் பொருட்டில்லை. அண்ணன் கிளம்பிப்போன வாரம் என் பெரியப்பா வந்தார். குவாரியில் வெடி வைக்கிற வேலை அவருக்கு. மோனா அவரை ஒரு சுற்றுச் சுற்றி மோந்தது. பிறகு அவர் தோள்பையின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டது. "பாரு, என்னை அதுக்குப் பிடிச்சுப்போச்சு" என்று சிரித்தார். பத்து நிமிடம் ஆகியும் அது எழவில்லை. அம்மா ரொட்டியைக் காட்டினார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பட்டையைப் பிடித்து இழுத்தேன். அது என்னைப் பார்த்த பார்வையில் இருந்தது கோபமில்லை, குழப்பம். பயந்துபோய் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"பெரியப்பா பையில என்ன இருக்கு?"

"வேலைக்குப் போட்ட சட்டை, அழுக்கு."

"அது சரியாத்தான் சொல்லுதுடா. நீதான் பதில் சொல்லாம நிக்கிறே. சாபாஷ்னு சொல்லிப் பந்தைக் கொடு."

கொடுத்தோம். பந்தைக் கவ்விக்கொண்டு முற்றத்தை மூன்று சுற்றுச் சுற்றியது. வெடிமருந்து வாசனை கிடைத்தால் குரைக்காமல், தொடாமல், உட்கார்ந்து காட்ட வேண்டும் என்பது அதற்குச் சொல்லித்தந்த பாடம். சட்டையில் ஒட்டியிருந்த துளி போதும் அதற்கு. அன்றைக்கு அதைத் திட்டியிருந்தால், வாழ்நாள் முழுக்க சரி என்று படித்ததைத் தப்பு என்று சொல்லியிருப்போம். இப்போது பட்டாசுக் கடை இருக்கிற தெருவுக்குப் போனால் பையில் பந்து இல்லாமல் போவதில்லை. பட்டாசுக் கடைகளுக்குப் பேர்போன அத்திப்பள்ளி வழியாகக் காரில் போவதென்றால் கண்ணாடியை ஏற்றிவிடுவேன், இல்லாவிட்டால் சாலை முழுக்கச் சாபாஷ் சொல்லிக்கொண்டே போக வேண்டும்!

இதிலிருந்து நாங்கள் கற்றது, அதற்குத் தினமும் ஒரு சின்ன வேலை வேண்டும் என்பது. பந்தைச் சாணி வறட்டிக் குவியலுக்குப் பின்னால், நெல் மூட்டைக்கு அடியில் என்று ஒளித்து வைத்துத் தேடச் சொல்கிறோம். பதினைந்து நிமிடம் போதும். அன்றைக்கு இரவு நன்றாகத் தூங்குகிறது.

சோறு, வெயில், உடம்பு

வயதான லாப்ரடாருக்கு முதல் எதிரி நம் பாசம். வருகிறவர்கள் எல்லாம் ஒரு வாய் போட்டால் மூன்று மாதத்தில் எடை கூடி, ஏற்கெனவே தேய்ந்த இடுப்பு மூட்டு தாங்காது. இரண்டு வேளை, அளந்து. எங்கள் வீட்டில் சோறு, எலும்பில்லாத கோழி, வேகவைத்த காய், சில நாள் உப்பில்லாத கேழ்வரகுக் கூழ். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், வெந்த கோழி எலும்பு கூடாது. மாம்பழக் காலத்தில் கொட்டையைக் கண்டபடி எறியாதீர்கள். நாய் அதை முழுசாக விழுங்கினால் குடலில் அடைத்து அறுவை சிகிச்சை வரை போகும். வைகாசியில் எங்கள் தோப்பைக் கூட்டிப் பெருக்குவது பெரிய வேலை.

குளிரில் வேலை பார்த்த நாய்க்குச் சித்திரை வெயில் தண்டனை. நடை காலை ஆறரைக்குள், சாயங்காலம் தார் ரோடு ஆறிய பிறகு. விடாமல் மூச்சிரைத்து, எச்சில் கெட்டியாகி, தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு; உடம்பு முழுக்கச் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, காற்று வீசிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். ஐஸ் வேண்டாம்.

உண்ணியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மாட்டுக்கொட்டகை இருக்கிற வீட்டில் தினமும் காது மடல், விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில் தடவிப் பாருங்கள். சோர்வு, காய்ச்சல், ஈறு வெளுப்பது, மூக்கில் ரத்தம் என்றால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அன்றைக்கே ரத்தப் பரிசோதனை வேண்டும். மூட்டு வலிக்கு நம் மாத்திரையை உடைத்துக் கொடுக்கிற பழக்கம் நாயையே கொல்லும். நாய்க்கு நாய் மருந்துதான். ஊசிக்கும் சாதாரண வைத்தியத்துக்கும் உள்ளூர் அரசு கால்நடை மருத்துவமனை போதும். பெரிய பரிசோதனை என்றால் தர்மபுரிக்காரர்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு ஹெப்பாலில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி. வெறிநோய்த் தடுப்பூசி வருடம் தவறக் கூடாது. நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் வீடு என்றால் அந்தச் சான்றை வைத்து நாய் உரிமமும் எடுத்துவிடுங்கள்.

போனும் லீவும்

நாங்கள் செய்த பெரிய தப்பைக் கடைசியாகச் சொல்கிறேன். அண்ணன் திரும்பிப் போன மறுநாளே வீடியோ கால் போட்டு, "மோனா, யாரு பாரு" என்று திரையைக் காட்டினோம். திரையை அது பார்க்கவே இல்லை. குரல் கேட்டதும் எழுந்து, அறை அறையாக, கொல்லை, மாட்டுக்கொட்டகை, கிணற்றடி எல்லாம் தேடியது. பிறகு வாசலில் போய் உட்கார்ந்தது. அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாளும் போட்டோம், மறுநாளும் அதேதான். முதல் இரண்டு மாதம் ஹேண்ட்லரின் குரலை நாய் காதில் விழவிடாதீர்கள். அவர் பேச ஆசைப்பட்டால் நீங்கள் தோப்புக்குப் போய்ப் பேசுங்கள். அவருக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

லீவில் வந்து திரும்பும்போதும் ஒரு முறை இருக்கிறது. பையை நாய்க்கு எதிரில் கட்ட வேண்டாம், முந்தின நாளே பக்கத்து வீட்டில் வைத்துவிடுங்கள். கட்டிப்பிடித்து அழுது விடைபெற வேண்டாம். நாயின் நடை நேரத்தில், நீங்கள் அதை ஒரு பக்கம் கூட்டிப்போகும்போது அவர் இன்னொரு பக்கம் பஸ் ஏறட்டும். போகும் முன் பந்தை மட்டும் அவர் கையால் அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். நடை முடிந்து வந்ததும் அம்மா அதை ஒளித்து வைத்திருக்க வேண்டும்.